கல்லைப் பார்த்தேன், சீட்டைப் பார்க்கவில்லை

(நம் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நகை வாங்குவது பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். ஓசூரில் ஒரு சிறிய நகைப் பட்டறையில் கல் பதிக்கும் வேலையை 9 வருடம் செய்தவர் இவர். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



என்னை வைரம் பற்றிப் பேசச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "நமக்கும் வைரத்துக்கும் என்னக்கா சம்பந்தம், மாசச் சந்தா கட்டவே மூச்சு வாங்குது" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மண்டபத்தில் எத்தனை மூக்கில் வைர மூக்குத்தி இருக்கிறது என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிட்டேன். பதினொன்று. அதில் எத்தனை உண்மையான வைரம் என்று கேட்டால் பாதிப்பேர் கையைத் தூக்க யோசிப்பீர்கள்.

முன்னே வைரம் என்றால் பெரிய வீட்டுச் சமாச்சாரம். இப்போது அப்படி இல்லை. நம் பெண்பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். போனஸ் வந்ததும் மூக்குத்தி வாங்குகிறார்கள். மாங்காய்க் காசு வந்தால் மகளுக்குத் தோடு எடுக்கிறோம். பஸ் ஏறினால் அத்திப்பள்ளி, இன்னும் கொஞ்சம் போனால் சிக்பேட்டை, அவென்யூ ரோடு. நம் ஓசூரே நகை செய்யும் ஊர். தனிஷ்க் நகை இங்கேதான் 1990-களிலிருந்து தயாராகிறது. ஊரில் நகை தயாராகிறது என்பதற்காக நமக்கு நகை தெரியும் என்று அர்த்தமில்லை. எனக்கே தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2016-ல் என் பெரிய மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு ஆனேக்கல் பக்கம். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷங்க. ஆனாலும் அந்தப் பக்கத்துப் பெண்கள் காதில் ஏழு கல் தோடு மின்னுவதைப் பார்த்துவிட்டு, நம்ம பிள்ளையும் அப்படிப் போகட்டும் என்று எனக்கே ஒரு ஆசை. பெங்களூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைப் பெயர் வேண்டாம். கல் பதித்த கை ஆயிற்றே, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு 14 கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல கல். கரும்புள்ளி இல்லை, உடைசல் இல்லை. கடைக்காரரே, "அம்மாவுக்கு விஷயம் தெரியுது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை கனத்துப் போச்சு.

பில் போடும்போது, "பில் வேணுமா, எஸ்டிமேட் சீட்டு போதுமா? வரி மிச்சம்" என்றார்கள். மிச்சம் என்றால் விடுவோமா. சீட்டையே வாங்கிக்கொண்டேன். அதில் கன்னடத்தில் "ஹரளு ஓலெ, 1 செட், 6.400" என்று எழுதி, கீழே மொத்தமாக 62,000 ரூபாய். ஓலெ என்றால் தோடு. ஹரளு என்றால் கல். எந்தக் கல்லும் ஹரளுதான். வைரத்துக்கு அவர்கள் வஜ்ர என்று சொல்வார்கள். அந்த வார்த்தை என் சீட்டில் எங்கேயும் இல்லை.

2019-ல் என் வீட்டுக்காரர் வண்டியில் வரும்போது ஹைவேயில் அடிபட்டார். காலில் தகடு வைக்க வேண்டும், உடனே பணம் கட்டு என்றார்கள். மகள் காதிலிருந்து தோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். நான் வங்கிக்கு ஓடினேன். 62,000 ரூபாய்ப் பொருள், 40,000-மாவது கிடைக்கும் என்ற நினைப்பு. நகை மதிப்பீட்டாளர் எடை போட்டார், உரைகல்லில் உரைத்தார். "அம்மா, இது 18 கேரட். கல்லுக்கு வங்கியில் மதிப்பு கிடையாது. தங்கத்துக்கு மட்டும்தான்" என்றார். கடைசியில் கைக்கு வந்தது 12,000 ரூபாய்.

அவர் மேல் தப்பில்லை. அடகு நகைக்கு அதிலுள்ள தங்கத்தின் மதிப்பை மட்டும்தான் எடுக்கணும், கல்லைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அன்றைக்கு மீதிப் பணத்துக்கு நம் குழுதான் கை கொடுத்தது. சாயங்காலம் அவசரக் கூட்டம் போட்டு, தீர்மான நோட்டில் எழுதி, உள்கடன் 20,000 கொடுத்தார்கள். அந்த நோட்டுப் பக்கம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

இப்போது அந்தச் சீட்டில் எங்கே ஏமாந்தேன் என்று கணக்கோடு சொல்கிறேன். நோட்டு வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கேரட் என்ற ஒரே சொல்லை இரண்டு விஷயத்துக்குச் சொல்கிறார்கள். தங்கத்தில் கேரட் என்றால் தரம். 24 சுத்தம், 22-ல் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 18-ல் 75 பங்கு. வைரத்தில் கேரட் என்றால் எடை. ஒரு கேரட் வைரம் 0.2 கிராம், அதாவது 200 மில்லிகிராம். ஒரு கேரட்டை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். நம் பக்கத்தில் ஒரு அம்மா, "என் மருமகளுக்கு 18 கேரட் வைரத் தோடு போட்டோம்" என்று ஊரெல்லாம் சொன்னார். 18 கேரட் வைரம் என்றால் கோடிக்கணக்கில் ஆகும். 18 கேரட் என்பது அந்தத் தோட்டின் தங்கம். வைரம் பதிக்கும் நகையைப் பெரும்பாலும் 18 கேரட்டில்தான் செய்வார்கள். 22 கேரட் மெத்தென்று இருக்கும், கல்லைப் பிடித்து நிறுத்தும் கொக்கி வளைந்துவிடும். அது தப்பில்லை. 18 கேரட்டைக் கொடுத்துவிட்டு 22 கேரட் விலை போடுவதுதான் தப்பு.

என் தோட்டில் மொத்த எடை 6.400 கிராம். கல் 60 சென்ட். 60 சென்ட் என்றால் 0.120 கிராம். அதைக் கழித்தால் தங்கம் 6.280 கிராம், அதுவும் 18 கேரட். கடைக்காரர் எனக்குப் போட்டது 6.400 கிராமுக்கும் 22 கேரட் விலை. கணக்குப் புரிவதற்காக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் 64,000. சரியான கணக்கில், 18 கேரட் கிராம் சுமார் 8,200, ஆக 6.280 கிராமுக்கு 51,500-க்குள் வரும். 12,500 ரூபாய் வித்தியாசம். அதற்கு மேலே சேதாரம், செய்கூலி வேறு; அதையும் பெருத்த தொகை மேலேதான் போட்டார். வைரத்துக்குத் தனியாக ஒரு விலை வாங்கினார், தங்கத்தின் எடையிலும் அந்தக் கல்லைச் சேர்த்து நிறுத்தினார். ஒரே கல்லுக்கு இரண்டு தரம் காசு. வரியை மிச்சம் பிடிக்கப் போய் இத்தனையும் விட்டேன்.

அதனால் கடைக்குப் போனால் நாலு விவரத்தைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்: மொத்த எடை, கல் நீக்கிய நிகர எடை, தங்கம் எத்தனை கேரட், வைரம் எத்தனை கேரட் எத்தனை கல். மூக்குத்திக்கு "ஒரே விலை, 9,500" என்று ஒட்டி வைத்திருப்பார்கள். அதற்கும் பிரித்துக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஹால்மார்க். இதில்தான் படித்த பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். "அரசாங்க முத்திரை இருக்கு, அதனால வைரமும் ஒரிஜினல்" என்கிறார்கள். இல்லவே இல்லை. ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும். 2021 ஜூனிலிருந்து மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் முத்திரையில் மூன்று அடையாளம் இருக்கணும்: பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னம், 22 கே 916 அல்லது 18 கே 750 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் எந்தக் கடை, என்ன நகை, எந்தத் தரம் என்று செல்போனிலேயே வந்துவிடும். உங்கள் கையில் மோதிரம், செல்போனில் வளையல் என்று வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். முத்திரையில் சொன்ன தரத்தைவிடத் தங்கம் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால், குறைந்த அளவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் கடைக்காரர் தரணும் என்று விதி இருக்கிறது.

இதில் நம்மைத் தொடும் ஒரு ஓட்டை உண்டு. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி எத்தனை கிராம் இருக்கும்? அரைக் கிராம்கூட வராது. ஆக நாம் அதிகம் வாங்கும் வைர நகைக்கு, தங்கத்துக்கும் முத்திரை இல்லை, கல்லுக்கும் முத்திரை இல்லை. பில் ஒன்றுதான் சாட்சி. பெரிய கடைகளில் கேரட் மீட்டர் என்று கருவி வைத்திருக்கிறார்கள், உருக்காமலேயே தரம் சொல்லிவிடும். அதுவும் தங்கத்தைப் பார்க்கும் கருவிதான். கல்லைப் பற்றி அதனிடம் கேட்காதீர்கள்.

கல்லுக்கு வருவோம். இது என் தொழில், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

வைரம் போலவே மின்னும் கற்கள் நிறைய. அமெரிக்கன் டைமண்ட் என்கிறோமே, பெயரில்தான் அமெரிக்கா. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் நம்மைப் போன்ற பெண்கள் சக்கரத்தில் தேய்த்துப் பட்டை தீட்டியது ஏராளம். அழகான கல்தான், அதற்குரிய விலையில் வாங்கினால். அதைக் காட்டிக்கொடுக்க ஒரு டெஸ்டர் பேனா உண்டு, உண்மையான வைரத்தில் வைத்தால் கீச்சென்று கத்தும். ஆனால் மொய்சனைட் என்று இன்னொரு செயற்கைக் கல் வந்திருக்கிறது. பல பேனாக்கள் அதற்கும் கத்திவிடும். அதனால் பேனா கத்தியதும் பர்ஸைத் திறக்காதீர்கள். நம் வீட்டு வைத்தியங்களும் அப்படித்தான். மூச்சுக்காற்றை ஊதிப் பார்ப்பது, கண்ணாடியில் கீறிப் பார்ப்பது எதுவும் முடிவான சோதனை இல்லை. கண்ணாடியைக் கீற வைரம் வேண்டியதில்லை, வெறும் படிகக் கல்லே கீறும். சுத்தியலால் தட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. என் பட்டறையிலேயே ஒரு தரம் நடந்தது. வைரம் கெட்டிதான், ஆனால் சரியான பக்கத்தில் அடி விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். கல் உண்மைதான் என்று தெரிந்தது, ஆனால் கல் போய்விட்டது.

இப்போது பெரிய குழப்பம் ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம். அது போலி இல்லை, அதுவும் வைரம்தான். பூமிக்குள் ஆவதை இயந்திரத்துக்குள் செய்கிறார்கள். சூரத்தில் நிறைய உற்பத்தியாகிறது. சென்னை ஐ.ஐ.டி.க்கு இதற்கான ஆராய்ச்சிக்கென்றே 2023-ல் 240 கோடிக்கு மேல் மத்திய அரசு ஒதுக்கியது. கண்ணால் பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். விலைதான் வித்தியாசம். இயற்கை வைரத்தைவிடப் பல மடங்கு மலிவு, வருடா வருடம் இன்னும் இறங்கிக்கொண்டே வருகிறது. திரும்ப விற்கப் போனால் கிடைப்பது மிகக் குறைவு. ஆசைக்குப் போட்டுக்கொள்ள நல்ல பொருள் என்பது என் கருத்து. ஆனால் அதை இயற்கை வைரம் என்று சொல்லி விற்றால் மோசடி. அதனால் பில்லில் "இயற்கை வைரம்" அல்லது "ஆய்வக வைரம்" என்று எழுதி வாங்குங்கள். வெறும் "ஸ்டோன்" என்று எழுத விடாதீர்கள். நான் விட்டேன்.

சான்றிதழ் பற்றி. கடைக்காரரே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை சான்றிதழ் ஆகாது. தன் மாங்காய் இனிப்பு என்று தானே எழுதிக் கொடுப்பது போலத்தான் அது. ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. மாதிரி தனி ஆய்வகங்கள் தரும் சான்றிதழில் எண் இருக்கும், அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். இயற்கையா ஆய்வகமா என்பதும் அதில் இருக்கும். சின்னச் சின்னக் கல்லுக்குத் தனித்தனியாகச் சான்றிதழ் போடமாட்டார்கள், முழு நகைக்கும் சேர்த்து ஒன்று தருவார்கள். அதில் இருக்கும் படமும் எடையும் கையிலிருக்கும் நகையோடு ஒத்துப் போகுதா பாருங்கள்.

"மொத்தம் ஒரு கேரட்" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். ஒரே கல்லாக ஒரு கேரட் என்றால் ஒரு விலை. இருபது சின்னக் கல் சேர்ந்து ஒரு கேரட் என்றால் அதில் ஒரு பங்குதான் விலை. பெரிய கல் பூமியில் கிடைப்பது அரிது, அதனால்தான். இந்தக் கணக்கு தெரியாமல் பக்கத்து வீட்டு விலையோடு ஒப்பிட்டுச் சண்டை போட்டவர்களும் உண்டு.

"புளூ ஜாகர்" என்று சொன்னால் நம் பாட்டிமார் மயங்குவார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கத்தில் லேசான நீல ஒளியோடு நல்ல கல் கிடைத்தது, அதிலிருந்து வந்த பெயர். அந்தச் சுரங்கம் மூடி 50 வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்குப் புதுக் கல்லை அந்தப் பெயர் சொல்லி விற்றால் அது நிறத்தைப் பற்றிய புகழ்ச்சி, அவ்வளவே. அதற்குத் தனி விலை தர வேண்டியதில்லை.

கடை விளக்கை நம்பாதீர்கள். அந்த விளக்கில் கண்ணாடித் துண்டும் ஜொலிக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நகையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பின்னால் அடைத்து வைத்திருந்தால், உள்ளே தகடு வைத்து மினுக்குக் காட்டலாம். பின்பக்கம் திறந்திருந்தால் கல் தன் ஒளியில் நிற்கிறது.

தோஷம் பார்ப்பது பற்றிக் கேட்டீர்கள். வைரத்தை மூன்று நாள் வீட்டில் வைத்து, கெட்ட கனவு வருதா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நம்புகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நான் சொல்வது, அந்த மூன்று நாளை வீணாக்காதீர்கள். முழுப் பணமும் கட்டுமுன் "வீட்டில் காட்டிட்டு வர்றோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, இன்னொரு கடையில், தெரிந்த பத்தரிடம், முடிந்தால் ஆய்வகத்தில் காட்டுங்கள். நம் பாட்டிமார் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு அது.

திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையையும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கணும். மாற்றி வேறு நகை எடுப்பது வேறு, ரொக்கமாகக் கேட்பது வேறு. நான் 2019-ல் அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். "ரொக்கம் தரமாட்டோம், வேற நகை எடுத்துக்குங்க" என்றார்கள். வீட்டுக்காரர் காலுக்குத் தகடு வைக்க வளையலையா கொடுக்க முடியும்? கேஸ் போடலாம் என்றால், அப்போதிருந்த சட்டப்படி கடை இருக்கும் பெங்களூரில்தான் போடணும் என்றார்கள். போய்வர யாரால் ஆகும். பில்லும் இல்லை. விட்டுவிட்டேன்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2020 ஜூலை 20-லிருந்து அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் இடத்திலேயே, நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை கர்நாடகாவில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்கணும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் சொல்லலாம். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி. ஆனால் பில் வேண்டும். 3 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான், அந்தப் பக்கம் போனால் வரி குறைவு என்பதும் பழைய கதை.

ஒரு தங்கச்சி கேட்டாள், அப்போ வைரமே வாங்கக் கூடாதாக்கா என்று. ஏன் வாங்கக் கூடாது? நாமும் ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது சேமிப்பு என்று நினைத்து வாங்காதீர்கள். 1989-ல் ஒன்றாயிருந்த தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டிலேயே முதலில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்த காலத்திலிருந்து நம் அவசரத்துக்கு இரண்டுதான், குழுக் கடனும் காதுத் தங்கமும். ஆபத்துக்கு என்று ஒதுக்கிய காசு தங்கமாகவோ வங்கியிலோ இருக்கட்டும். அது போக மீதி இருந்தால் வைரம்.

என் மகள் தோட்டை ஒரு வருடம் கழித்து மீட்டேன். இன்றைக்கும் அதைத்தான் போட்டிருக்கிறாள், நன்றாக மின்னுகிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவருகிறேன். நீங்கள் நகையை மட்டும் கொண்டுவராதீர்கள், பில்லையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பில்லை முதலில் பார்ப்போம்.